செய்தி கொண்டுவந்தவர் யார்?

எங்கள் காலத்தில் ஜவ்வாதுமலை மேல் இருக்கிற நெல்லிவாசல்நாட்டுக்கு ஒரு செய்தி வரவேண்டும் என்றால் கூடவே ஓர் ஆளும் வந்தாக வேண்டும். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு வரைக்கும் வண்டி கிடைத்தால் புண்ணியம்; அதற்கு மேல் கால்தான். மழை பிடித்துக்கொண்டால் ஓடையில் தண்ணீர் வடியும்வரை செய்தியும் அக்கரையிலேயே உட்கார்ந்திருக்கும். வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். அவர் குடித்து மூச்சு வாங்கிய பிறகுதான் "என்ன சங்கதி?" என்று கேட்போம். அவர் சொல்லச் சொல்லக் குறுக்குக் கேள்வியும் போடுவோம். "நீ கண்ணால பாத்தியா, இல்ல யாராச்சும் சொல்லிக் கேட்டதா?" கண்ணால் பார்த்ததற்கு ஒரு மரியாதை, காதால் கேட்டதற்கு வேறு மரியாதை.

அந்தக் கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கத்தான் இதை எழுதுகிறேன், பிள்ளைகளா. போனைத் தூக்கிக் கிணற்றில் போடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. என் பேத்தி எனக்கே ஒன்றை வாங்கிக் கொடுத்து, பொங்கல் வாழ்த்து அனுப்பவும் பழக்கிவிட்டாள்.

நான் தபால் பை சுமந்தவன். கிளை அஞ்சலகத்தில் பட்டுவாடா வேலை. கடிதத்தைக் கையில் கொடுத்ததோடு அந்த வேலை முடியாது. பாதி வீடுகளில் பிரித்துப் படித்துக் காட்டவேண்டும், பதிலும் எழுதித் தரவேண்டும். குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனவர், கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவர், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர், எல்லார் குடும்ப ரகசியமும் என் தொண்டை வழியாகத்தான் வீட்டுக்குள் போயிருக்கிறது. பிரிக்கும் முன்பே எங்களுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும். எந்த ஊர் முத்திரை, என்ன தேதி, யார் கையெழுத்து. மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் நல்ல காரியம். கறுப்பு மை என்றால் சாவு. அதை வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார்கள், உள்ளே எடுத்துப் போகமாட்டார்கள். தந்தி என்று சொன்னதுமே, பிரிப்பதற்கு முன்னால் அழ ஆரம்பித்த வீடுகளும் உண்டு. அந்தத் தந்தியை 2013 ஜூலையில் அரசாங்கமே நிறுத்திவிட்டது. ஊரையெல்லாம் அழவைத்த தந்தி, தனக்கு அழ ஆளில்லாமல் போய்ச்சேர்ந்தது.

மணியார்டர் சங்கதி இன்னும் கெடுபிடி. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பணம் வந்தால் கைநாட்டு மட்டும் போதாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். பணத்துக்குரியவர் இவர்தான் என்று ஊரில் ஓர் ஆள் பொறுப்பேற்றால்தான் நான் நோட்டை எண்ணிக் கொடுக்கலாம். ஐம்பது ரூபாய்க்கு இத்தனை பாடா என்று சலித்துக்கொண்டவர்கள் நிறைய.

இதைச் சொன்னதும், தாத்தா பழைய காலத்தில் எல்லாம் சத்தியம், இந்தக் காலத்தில் எல்லாம் பொய் என்று சாதிக்கப் பார்க்கிறார் என்று நினைக்கவேண்டாம். புரளிக்கு இன்டர்நெட் தேவையே இல்லை. 1995 செப்டம்பர் 21-ந் தேதி பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. டெல்லியில் விடிகாலையில் தொடங்கி, அன்று பகலுக்குள் இந்தியா முழுக்க, அப்புறம் நம் ஜனங்கள் இருக்கிற வெளிநாடுகளிலும் கோயில் வாசலில் சொம்போடு வரிசை. அப்போது ஏது வாட்ஸ்அப்? வீட்டு டெலிபோனும் எஸ்.டி.டி. பூத்தும்தான். நம் மலைக்கு அந்தச் சேதி ஏறி வந்தபோது கீழே பிள்ளையாருக்குத் தாகம் தீர்ந்துபோயிருந்தது. நாங்கள் புத்திசாலிகள் என்பதால் தப்பவில்லை. பாதை மோசமாக இருந்ததால் தப்பினோம். அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பால் குடித்த கதையில் யாருக்கும் அடி விழவில்லை. 2018-ல் அப்படி முடியவில்லை.

அப்போது உங்களில் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நினைவிருந்தாலும் வீட்டில் பெரியவர்கள் அரைகுறையாகப் பேசிக்கொண்டதாகத்தான் இருக்கும். அதனால் முழுசாகச் சொல்கிறேன். அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் போன் போனாகக் குரல் பதிவுகள் பறந்தன. நாம் அன்றைக்கு வேலூர் மாவட்டம். திருப்பத்தூர் தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். வட மாநிலத்துக்காரர்கள் கூட்டமாக வந்து இறங்கியிருக்கிறார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், ஜாக்கிரதை என்று ஒரு குரல். அதோடு ஒரு வீடியோவும் சுற்றியது. தெருவில் விளையாடும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். பார்த்தால் வயிறு கலங்கும். அது பாகிஸ்தானில், கராச்சியில், பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்வதற்காக எடுத்த விளம்பரப் படம். தூக்கிக்கொண்டு போனவர்களே பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டு ஓர் அட்டையைக் காட்டுவதாக அதில் முடிவு வரும். அந்த முடிவை யாரோ வெட்டி எறிந்துவிட்டார்கள். மிச்சத்தைத்தான் நம் ஜனங்கள் பார்த்தார்கள்.

மே 9-ந் தேதி. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வம் கோயிலைத் தேடி வந்தது. கூட வந்தவர்களில் மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் உண்டு. இடம் போளூர்ப் பக்கம் அத்திமூர். ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிற பாதையில், நம் ஜவ்வாதுமலையின் கிழக்கு அடிவாரம். வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் குடும்பத்து அம்மாள் சாக்லேட் கொடுத்தார். 65 வயது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று சத்தம் எழுந்தது, கூட்டம் துரத்தியது, வழிமறித்து அடித்தார்கள். அந்த அம்மாள் இறந்துபோனார். மற்றவர்கள் குற்றுயிராக மருத்துவமனைக்குப் போனார்கள்.

அடித்தவர்கள் யார்? திருடர்களோ ரவுடிகளோ இல்லை. வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுக்கிற ஜனங்கள். குலதெய்வம் கோயிலுக்கு வழி கேட்டால், "யார் வகையறா நீங்க?" என்று விசாரித்துக் கூடவே நடந்துவந்து காட்டிவிட்டுப் போகிற ஜனங்கள். அந்தக் கார் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. வந்தவர்கள் நம் தமிழில்தான் பேசினார்கள். கேட்கிற நிலையில் யாரும் இல்லை. பிறகு போலீஸ் வந்தது, கைதுகள் நடந்தன, ஆண்கள் ஊரை விட்டு ஓடினார்கள். சாக்லேட் வாங்கின பிள்ளைகளும் அந்தப் பகலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அதை யார் கணக்கில் எழுதுவது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதே ஆண்டு ஜூலை 1-ந் தேதி மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில் பிச்சையெடுத்துப் பிழைக்கும் நாடோடி இனத்தார் ஐந்து பேரை இதே புரளியால் அடித்துக் கொன்றார்கள். அந்த மாதமே உச்ச நீதிமன்றம் கும்பல் கொலையைத் தடுக்க மாநிலங்களுக்குக் கட்டளைகள் போட்டது. வாட்ஸ்அப் கம்பெனியும் இறங்கி வந்து, பிறரிடமிருந்து வந்ததை அனுப்பினால் அது 'ஃபார்வர்டு' என்று தெரியும்படி செய்தது. இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டுப்போட்டது. அடுத்த ஆண்டு அதை உலகம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். 2020-ல், ஏற்கெனவே பல கை மாறி வந்ததை ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். நம் பக்கத்து அம்மாளும் அந்த ஐந்து நாடோடிகளும் இன்னும் எத்தனையோ பேரும் செத்ததற்குப் பிறகு, செய்தியின் மேல் ஒரு முத்திரை குத்தினார்கள். எங்கள் தபாலாபீசில் அது முதல் நாளிலிருந்தே இருந்தது.

போனில் வரும் அந்த முத்திரையிலும் ஒரு குறை. எந்த ஊர், என்ன தேதி, யார் என்று அது சொல்லாது. 'இது உனக்கு அனுப்பியவன் சொந்தமாகச் சொன்னது இல்லை' என்பதை மட்டும் சொல்லும். அதையாவது பாருங்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். நம் ஜனங்கள் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள் என்று உங்கள் பாட்டிமார் சொன்னார்களோ இல்லையோ. ஒவ்வொரு மலையிலும் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். அண்ணன் தம்பி மூவர் என்று சொல்கிற மலைகளும் உண்டு. ஜவ்வாதுமலைக்கென்று வழங்குகிற கதையைத் தர்ஸ்டன் என்கிற வெள்ளைக்காரர் 1909-ல் வெளியிட்ட தொகுப்பிலும் சேர்த்திருக்கிறார். காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்கள். இவர்கள் மறுத்தார்கள். வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்பதற்கு ஏழு ஆண்கள் புறப்பட்டார்கள், கூட ஏழு நாய்கள். போகும்போது வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிட்டுப் போனது இது: நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு செய்யவேண்டியதைச் செய்துவிடுங்கள்.

பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் பாடுபட்டு நீந்திக் கரையேறிவிட்டார்கள். நாய்கள் பாதி ஆற்றோடு திரும்பிக் காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தன. வீட்டில் இழவு விழுந்தது. கருமாதி முடிந்தது. அந்தப் பக்கம் இந்த ஏழு பேரும் வேடர்களை வென்று பெண்களை மீட்டுக்கொண்டு ஊர் திரும்பினால், தங்களுக்கே காரியம் முடிந்திருக்கிறது. செத்தவனாகிவிட்டவனுக்கு ஊரில் இடம் ஏது? அவர்கள் வேடர் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள், காடு திருத்திப் பயிர் செய்தார்கள். அவர்கள் வழி நாம்.

சின்ன வயதில் இந்தக் கதையை வீரக்கதை என்றே கேட்டேன். தபால் பை சுமக்க ஆரம்பித்த பிறகு வேறு மாதிரிக் கேட்டது. அதில் யாருமே பொய் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நாய்கள் பொய் சொல்லவில்லை. தண்ணீருக்குப் பயந்து திரும்பின, அவ்வளவுதான். பெண்களும் முட்டாள்கள் இல்லை. சொல்லிவைத்த அடையாளப்படி நடந்தார்கள். ஒரே ஓர் ஆள் பாலாற்றங்கரை வரைக்கும் நடந்துபோய் "இந்தப் பக்கமா ஏழு பேர் போனாங்களே, பாத்தீங்களா?" என்று கேட்டிருந்தால் நாம் இன்றைக்குக் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்துகொண்டிருப்போமோ என்னவோ. நமக்கு இந்த மலை கிடைத்ததில் எனக்கொன்றும் வருத்தமில்லை. ஆனாலும் உயிரோடு இருந்த ஏழு பேருக்குக் கருமாதி செய்த சேதியால் உண்டான ஜனம் நாம். சேதி விஷயத்தில் மற்றவர்களைவிட நமக்கு ஒரு பிடி கூடுதல் எச்சரிக்கை இருக்கவேண்டாமா?

இனி நம் ஊர்ப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். உங்களுக்கு அது 'டவர் பாறை'. எங்களுக்குச் சாமை உலர்த்துகிற பாறை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, நெட் ஏறக்குறைய இலவசம் என்றானபோது கீழே திருப்பத்தூரில் ஆளுக்கொரு போன் முளைத்தது. இங்கே போன் வந்தது, சிக்னல் வரவில்லை. அந்தப் பாறையின் தென்கோடியில் நின்றால் மட்டும் இரண்டு புள்ளி காட்டும். யார் கண்டுபிடித்தார்களோ, அதுமுதல் சாயங்காலம் ஆனால் அங்கே கூட்டம். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடிய பிறகு காலையிலும் கூட்டம். பாடப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போனை வானத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளைகள் குறைவு. இருட்டினால் அனுப்பமாட்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இரண்டு புள்ளி சிக்னல் கிடைத்தது, தங்கைக்குக் கிடைக்கவில்லை. அந்த ஓராண்டில் பின்தங்கிய தங்கைகளை யாரும் எண்ணிவைக்கவில்லை.

அந்தக் குறையைச் சொன்ன வாயால் இதையும் சொல்லவேண்டும். அந்தப் பாறை நம் ஜனங்களைச் சேர்த்துவைத்தது. திருவிழாவுக்கும் தகராறுக்கும் மட்டும் சந்தித்துக்கொண்டிருந்த பக்கத்து ஊர்ப் பையன்கள் அங்கே தினமும் உட்கார்ந்தார்கள். ஒருவன் போனில் எது வந்தாலும் பத்துத் தலைகள் குனிந்து பார்க்கும். 'ஐந்நூறு ரூபாய் ரீசார்ஜ் இலவசம்' என்று ஒரு லிங்க் வந்தால், அதைத் தொட்டுப் பட்டவன் ஒருவன் அந்தப் பத்தில் இருப்பான். "டேய், அத தொடாத, நான் ஏமாந்துட்டேன்" என்பான். முடிந்தது. பிள்ளை பிடிக்கிற வீடியோவைப் பார்த்து ஒருவன் பதறினால், "அந்தக் கடைப் பலகைய பாருடா, அது தமிழும் இல்ல, இந்தியும் இல்ல" என்று இன்னொருவன் சொல்வான். செய்தி போனில் வந்தாலும் பக்கத்தில் கேள்வி கேட்க ஆள் இருந்தது.

பிறகு சிக்னல் வீட்டுக்குள்ளேயே வந்தது. எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. நாடு முழுக்க 24,680 கிராமங்கள் அதில் உண்டு என்றார்கள். நல்ல காரியம், நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்காக 108-ஐக் கூப்பிடப் பாறைக்கு ஓடவேண்டியதில்லை. ஆனால் பாறை காலியாகிவிட்டது. இப்போது அவரவர் படுக்கையில், போர்வைக்குள், தனியாகப் பார்க்கிறீர்கள். பதறினாலும் தனியாகத்தான் பதறுகிறீர்கள். அரைகுறை சிக்னல் கூட்டிவைத்த பிள்ளைகளை முழு சிக்னல் கலைத்துவிட்டது என்பது என் கணக்கு. சிக்னலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு சாயங்காலமாவது பாறைக்குப் போங்கள் என்கிறேன், இந்தத் தடவை தங்கைகளையும் கூட்டிக்கொண்டு.

வாய்ஸ் மெசேஜ் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் இப்போது பஞ்சாயத்துக்குப் பெரிய தலைவலி. மாமன் மச்சானுக்குள் வரப்புத் தகராறு. முன்பெல்லாம் நேருக்கு நேர் கத்துவார்கள். ராத்திரி பேசிய கெட்ட வார்த்தை விடிந்தால் பாதி மறந்துபோகும், மறக்காத பாதியையும் பெரியவர்கள் மறக்கச் சொல்வார்கள். இப்போது பத்து மணிக்குக் குடித்துவிட்டுப் பேசியது அப்படியே போனில் கிடக்கிறது. பஞ்சாயத்தில் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். ஆறப்போட்ட புண்ணைத் தினம் ஒரு தடவை கீறுவதற்குச் சமம். அதைவிட மோசம், அந்தப் பதிவு ஊர் குரூப்புக்குப் போய், அங்கிருந்து திருப்பூரில் இருக்கிற பங்காளிக்குப் போகிறது. அவன் அந்த வரப்பைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். ஆனால் அவன்தான் "விடாதீங்கண்ணா" என்று பதில் போடுகிறான். ஊரில் இருப்பவனுக்கு நாளைக்கு அதே மச்சானிடம் ஏர்மாடு இரவல் கேட்கவேண்டும், அதே கிணற்றில் தண்ணீர் இறைக்கவேண்டும்; அதனால் கோபத்துக்கு ஓர் எல்லை உண்டு. திருப்பூர்க்காரனுக்கு அந்த எல்லை இல்லை. தூரத்தில் இருப்பவர்கள் சண்டையில் நம்மைவிடச் சூடாக இருப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இது நம் மலைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. இலங்கைப் போர்க்காலத்தில் கனடாவுக்கும் லண்டனுக்கும் போன தமிழர்கள் வரைக்கும் ஊரை விட்டுப் போனவர்களின் ஊர்ப்பாசத்தில் இந்தச் சூடும் கலந்தே இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். திருப்பூரில் இருக்கிற பிள்ளைகளே, உங்கள் பாசம் எங்களுக்கு வேண்டும். வரப்புத் தகராறில் மட்டும் ஊருக்கு வந்து வரப்பில் நின்று பேசுங்கள்.

அதே திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் போன் செய்த உபகாரத்தையும் நான் மறைக்கமாட்டேன். தாய் செத்த கடிதம் கருமாதி முடிந்த பிறகு குடகுக்குப் போய்ச் சேர்ந்த கொடுமையை என் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். இப்போது வரமுடியாத மகன் வீடியோவில் தாயின் முகத்தைப் பார்த்து அழுகிறான். அழட்டும். அந்த ஒன்றுக்காகவே இந்தக் கருவியை நான் மன்னித்துவிடுவேன்.

அடுத்தது பணம். நூறு நாள் வேலைக் கூலி இப்போது நேராக பேங்குக்கு வருகிறது. "பேங்கிலிருந்து பேசறேன், உங்க நம்பருக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்று மரியாதையான குரல் ஒன்று கேட்கிறது. உங்கள் பாட்டி சொல்லிவிடுகிறாள், குரலில் மரியாதை இருந்ததால். சாட்சிக் கையெழுத்தை நினைத்துப் பாருங்கள். அந்த ஆறு எண்ணுக்குச் சாட்சி யாரும் இல்லை. ஆகவே வீட்டுக்கு வீடு நீங்கள்தான் சாட்சியாக நிற்கவேண்டும்: பேங்க் பற்றி எந்த அழைப்பு வந்தாலும் பேரனோ பேத்தியோ பக்கத்தில் வரும்வரை ஒன்றும் சொல்லாதே என்று பாட்டிகளுக்குச் சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு ஓடிவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி கேட்பது சந்தேகப் பிராணிகளின் வேலை, நம்புவதுதான் நல்ல மனசு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு சேதி சொல்கிறேன். இதே மலைத்தொடரில் காவலூர் வானாய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து பெரிய தொலைநோக்கிக்கு வானியல் அறிஞர் வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். அதற்கும் முன்னால், 1977 மார்ச் 10-ந் தேதி ராத்திரி, அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரகம் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு கணம் மங்கியது. புதிதாக ஒரு துணைக்கோளாக இருக்கும் என்றுதான் முதலில் காவலூர்க்காரர்கள் எழுதினார்கள். அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடல் மேல் விமானத்தில் பறந்தபடி ஓர் அமெரிக்கக் குழுவும், ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலும் பார்த்திருந்தார்கள். எல்லார் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்று தெளிவானது. அத்தனை பெரிய படிப்புப் படித்தவர்கள், தங்கள் கண்ணால் பார்த்ததையே, "உனக்கும் தெரிந்ததா?" என்று இன்னொருவரைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். யாரோ பார்த்ததாக யாரோ சொன்னதை நாம் கேள்வியே இல்லாமல் நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறோம்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன். பேரன் போனில் மேப்பைத் திறந்து காட்டினான். ஊர் இருக்கிறது, ரோடு இருக்கிறது. ஓடைக்குப் பெயர் இல்லை, பாறைக்குப் பெயர் இல்லை, எந்தக் காட்டில் யார் முதலில் சாமை விதைத்தார்கள் என்பதும் இல்லை. ஏழு பேர் கதையை முழுசாகச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் நாட்டில் விரல் விட்டு எண்ணும்படிதான் மிஞ்சியிருக்கிறோம். வருகிற தைக்குள் ஆளுக்கொரு பெரியவரையோ பாட்டியையோ உட்காரவைத்துப் போனில் பதிவு செய்யுங்கள். முதலில் அவர் பெயர், ஊர், அன்றைய தேதி, அந்தக் கதையை அவருக்குச் சொன்னவர் யார் என்பது. அதற்குப் பிறகு கதை. இந்த நான்கும் இல்லாமல் அதை எந்த குரூப்பிலும் போடாதீர்கள். முதல் ஆளாக என்னிடம் வந்தாலும் சரி. மதியத்துக்கு மேல் வாருங்கள். காலையில் காட்டில் இருப்பேன்.